சாந்தாமணி பேர்ல ஒரு வீடு

நான் பாக்கறேன்னா நோட்டீஸை மடிச்சு வெச்சுட்டீங்க? தப்பா நெனைக்காதீங்க. பக்கத்து சீட்டுல ஒருத்தர் அடுக்குமாடி வீட்டுப் படத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா கண்ணு போகத்தானுங்க செய்யும். வாங்கி வாடகைக்கு விடலாம்னு யோசனைங்களா? அப்படித்தான் நெனைச்சேன். குடியிருக்க வாங்கறவங்க சமையல்கட்டு எத்தனை பெருசுன்னு பாப்பாங்க. நீங்க வெலையையே பாத்துட்டிருந்தீங்க.

நல்ல யோசனைதானுங்க. ஆனா சட்டம் தெரியாம எறங்கிராதீங்க. வாடகை, வரி, ரூல்ஸுன்னு சந்தேகம் வந்தா எங்க வீதியில இப்பெல்லாம் என்னைத்தான் கேக்கறாங்க. இப்பவும் அதுக்குத்தான் போறேன். பெருந்துறையில என்கூட வேலை பாத்தவர் ஒருத்தர் மாடியில வாடகைக்கு ரெண்டு போர்ஷன் கட்டறாரு. வந்து யோசனை சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்காரு. வண்டி இன்னும் அவிநாசியே தாண்டலை. நேரம் இருக்குது, சொல்றேன் கேளுங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கோயம்புத்தூர்ல அரசு பாலிடெக்னிக்ல ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எனக்கு ரெண்டு வீடு. ஒண்ணு நாங்க குடியிருக்கறது. அதை ஒட்டுனாப்ல இன்னொண்ணு, அது நான் வாங்குனது. நடுவால ஒரு சுவரு, சுவத்துல சின்னதா ஒரு கேட்டு. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டை வித்துட்டு மகன்கூட ஓசூர் போறேன்னாரு அங்க இருந்தவரு. நாந்தான் ஓடிப் போய்ப் பேசி முடிச்சேன். வில்லங்கம் போட்டுப் பாத்தது நானு. புரோக்கர்கிட்ட மல்லுக்கட்டுனது நானு. பத்திர ஆபீஸ்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னது நானு. ஒரு வீடு வாங்கறதுன்னா சும்மாங்களா?

வாங்கிப் பத்திரத்தை மட்டும் சாந்தாமணி பேர்ல வெச்சேன். சாந்தாமணி என்ற சம்சாரம். ஏன் அவ பேர்லன்னு கேக்கறீங்களா? அதுலதானுங்க சூட்சுமமே இருக்குது. எனக்கு அப்பச் சம்பளம், பின்னாடி பென்ஷன். வாடகையும் என் பேர்ல வந்தா ரெண்டையும் கூட்டி வரி போட்டுருவாங்க. அவளுக்கு ஒரு வருமானமும் கிடையாது. அவ பேர்ல வெச்சா யாரு கேக்கப் போறாங்க? அன்னிக்கே அத்தனை தூரம் யோசிச்சவன் நானு. அவளுக்குப் பான் கார்டும் நாந்தான் எடுத்து, நாந்தான் பீரோவுல வெச்சேன்.

மொத மொதல்ல குடிவந்தது ஒரு பியூட்டி பார்லர்காரம்மா. குடியிருக்கறேன்னுதான் வந்துச்சு. வந்த மாசமே முன்ரூம்ல ரெண்டு சுத்துற நாற்காலி, செவுரு பூரா கண்ணாடி. நான் என்ன கண்டேன், வாடகை ஒழுங்கா வருதேன்னு விட்டுட்டேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவங்க பாத்துட்டாங்க. வீட்டுக் கனெக்சன்ல கடை நடத்தறீங்கன்னு கடை ரேட்டுக்கு மாத்திட்டாங்க. பின்னாடியே மாநகராட்சிக்காரங்க வந்து சொத்து வரியையும் கடைக் கணக்குல ஏத்திட்டாங்க. அந்தம்மா காலி பண்ணிப் போயும், இது வீடுதாங்க, வீடுதாங்கன்னு சொல்லி மாத்தறதுக்குள்ள என்ற செருப்பு தேஞ்சு போச்சு. அதனால வீட்டை வீட்டுக்கு விடுங்க. கடைக்கு விடறதுன்னா கடைன்னு சொல்லியே விடுங்க. நடுவால நிக்காதீங்க.

அதுக்கப்புறமு வந்ததுதான் ரெஜினா.

தூத்துக்குடிப் பொண்ணுங்க. இங்க ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கெமிஸ்ட்ரி டீச்சரு. வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை. ஆறு மாசம் கடல்ல, ரெண்டு மாசம் இங்க. நல்ல பொண்ணு, நான் கொறை சொல்ல மாட்டேன். வாடகை பன்னெண்டாயிரம்னேன், சரின்னுச்சு. அட்வான்ஸ் பத்து மாசம்னேன், மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு, ஆனாச் சரின்னுச்சு. பேங்குல போட்டு விடட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாம் கண்ணு, கையிலயே குடுத்துருன்னேன். பேங்குல போட்டாத் தடம் நின்னு போகும் பாருங்க. அக்ரிமெண்ட்டும் பதினோரு மாசத்துக்குத்தான். பதினோரு மாசம்னாப் பதிய வேண்டாம்னு ஊருக்கே தெரியுமே. அப்படி எல்லாத்தையும் கட்டுச்செட்டா வெச்சிருந்தேன்.

வந்து மூணு நாலு மாசத்துல சாந்தாமணியும் அதுவும் ஒட்டிக்கிட்டாங்க. நடுக்கேட்டு சாத்துனதே இல்லை. இவ கொள்ளு ரசம் வெச்சா அங்க போகும், அங்க மீன் கொழம்பு வெச்சா, நாங்க அசைவம் சாப்பிடறவங்கதான், இங்க வரும். அதெல்லாம் சரிங்க. ஒரு நாள் நான் வாக்கிங் போயிட்டு வர்றேன், எங்க லேஅவுட்ல காலியா கெடக்கற ரோட்டுல ஸ்கூட்டர் ஒண்ணு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வருது. யாருடா அதுன்னு பாத்தா சாந்தாமணி! அம்பத்தாறு வயசுங்க. பின்னாடி ரெஜினா உக்காந்துக்கிட்டு, "அம்மா, ரோட்டப் பாருங்க, டயரப் பாக்காதிய"ன்னு கத்துது.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஆயிரம் பசங்களுக்கு இஞ்சின் பிரிச்சுப் போடச் சொல்லிக் குடுத்தவன் நான். என்ற சம்சாரத்துக்கு எவளோ கெமிஸ்ட்ரி டீச்சர் வண்டி சொல்லித் தர்றா. "என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா?"ன்னு கேட்டேன். "கல்யாணமான வருசம் கேட்டேனுங்களே"ன்னா. எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேன்.

சரி, கதைக்கு வர்றேன். ஒரு தை மாசம், ஞாயித்துக்கிழமை காலையில ரெஜினா கேட்டைத் தொறந்துக்கிட்டு வந்துச்சு. நான் பேப்பர் படிச்சிட்டிருக்கேன். சாந்தாமணி வெங்காயம் உரிச்சிட்டிருக்கா.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. காலேஜ்ல இந்த வருசத்துல இருந்து வாடகை ரசீது கேக்காங்க. வருசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல வாடகை குடுத்தா ஓனரோட பான் நம்பரும் வேணுமாம். குடுத்தா எனக்கு வரியில கொஞ்சம் மிச்சமாவும்."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சுங்க. பான் நம்பரைக் குடுக்கறதும் பீரோ சாவியைக் குடுக்கறதும் ஒண்ணுதானே? அது அங்க போயி எழுதும். அங்க இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? இந்தப் பான் நம்பருக்கு வருசா வருசம் வாடகை வருதே, கணக்கு எங்கேன்னு கேக்கும். நான் கட்டிக் காப்பாத்தி வெச்சதெல்லாம் ஒரே நாள்ல போயிரும்.

ஆனாலும் நான் முடியாதுன்னு மொகத்துல அடிச்ச மாதிரிச் சொல்ற ஆளு இல்லைங்க. ஒரு வழி சொன்னேன். "ரசீதை எட்டாயிரம்னு போட்டுத் தர்றேன் கண்ணு. அப்ப வருசத்துக்கு லட்சத்துக்குள்ள வந்துரும். பான் கேக்க மாட்டாங்க. உனக்கும் பாதிக்கு மேல மிச்சம், எனக்கும் தொந்தரவு இல்லை."

அது என்னையே பாத்துச்சு. "நான் பன்னெண்டுல்லா குடுக்கேன், அங்கிள்?"

"அது நமக்குள்ள."

"அது பொய் ரசீதுல்லா. என் கையெழுத்தப் போட்டு நான் எப்படிக் குடுப்பேன்?"

பாருங்க, பொழைக்கத் தெரியலை. நானும் கடைசியா, "பான் தர்றதுக்கு இல்லை கண்ணு, அது எங்க குடும்ப விசயம்"னு முடிச்சுட்டேன். அது கோபப்படலை. கோபப்பட்டிருந்தாக்கூட நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். "சரி அங்கிள். மே மாசம் லீவு விட்டதும் நான் வேற வீடு பாத்துக்கிடுதேன். மாசா மாசம் இவ்வளவு விட்டுக் குடுக்க முடியாது. கடன் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. போகும்போது நடுக்கேட்டை இழுத்துச் சாத்திட்டுப் போச்சு.

சாந்தாமணி வெங்காயத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா.

ரெண்டு நாளு பேசலைங்க. தட்டுல சோறு வந்துச்சு, பேச்சு வரலை. நான் கண்டுக்கலை. வாசல்ல 'வீடு வாடகைக்கு' போர்டை மாட்டுனேன். ஆளுக வந்தாங்க. வந்து வீட்டைச் சுத்திப் பாத்து, தண்ணி எப்படின்னு கேட்டு, கடைசியாக் கேட்டாங்க பாருங்க, "ஓனர் பான் தருவீங்களா?" அடுத்து வந்தவங்களும் அதையேதான் கேட்டாங்க. காலம் மாறிப் போச்சுங்க. கேக்காத ஒரே ஆளு, முன்ரூம்ல இட்லி மாவு அரைச்சு விக்கலாமான்னு கேட்டாரு. நான் கரண்ட் ஆபீஸை நெனைச்சுக்கிட்டு, நமஸ்காரம்னு அனுப்பி வெச்சேன்.

மூணாம் நாளு சாயங்காலம் சாந்தாமணி காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டு எதுத்தாப்ல உக்காந்தா. எப்பவும் உக்கார மாட்டா.

"என்ற பான் கார்டைக் குடுங்க"ன்னா.

"எதுக்கு?"

"பாக்கறேன். என்ற மூஞ்சி அதுல எப்படி இருக்குதுன்னு நான் பாத்ததே இல்லை."

"பீரோவுல பத்திரமா இருக்குது."

"சாவி உங்ககிட்ட இருக்குது. எடுத்துக் குடுங்க."

"நீ அதை ரெஜினாகிட்டக் குடுப்பே. ரிஸ்க்கு சாந்தாமணி. உனக்கு வெவரம் தெரியாது."

"எனக்கு என்ன ரிஸ்க்குங்க? எனக்குத்தான் வருமானமே இல்லைங்கறீங்களே."

"வாடகை வருதில்ல?"

"யாருக்கு வருது?"

நான் காப்பியைக் குடிச்சேன். ஆறிப் போயிருந்துச்சு. அவ விடலை. "ஆடிட்டரைப் போய்க் கேக்கலாம். அவரு குடுக்காதேன்னு சொன்னா நான் குடுக்கலை"ன்னா. எனக்கு அது நல்லதாப் போச்சு. ஆடிட்டருன்னா வரியைக் கொறைக்கறவருதானே? நான் செஞ்சதுதான் சரின்னு அவரு வாயால சொல்லிட்டா இவளும் அடங்கிருவான்னு, சரி வான்னேன்.

என்ற வண்டி அன்னிக்குப் பாத்து பஞ்சர். ஆட்டோ கூப்பிடறேன்னேன். அதுக்குள்ள ரெஜினாவோட ஸ்கூட்டர் சாவியை வாங்கிட்டு வந்துட்டா. காந்திபுரம் வரைக்கும் இவ ஓட்ட, நான் பின்னாடி. சிக்னல்ல நிக்கறப்ப என்ற பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன், "சார், வணக்கம்"ங்கறான். பல்லைக் காட்டறான். "பிரேக் எப்படி இருக்குதுன்னு பாக்கறோம்ப்பா"ன்னேன். சும்மா சொல்லக் கூடாது, பிரேக் நல்லாத்தான் பிடிச்சா.

ஆடிட்டர் பேரு ஜெயப்பிரகாசம். சின்ன ரூமு, பெரிய மேசை. நான் எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன். எப்படி அன்னிக்கே யோசிச்சுச் சம்சாரம் பேர்ல வெச்சேன், எப்படி கையிலயே வாடகை வாங்கறேன், எல்லாம். அவரு பேனாவைத் தட்டிக்கிட்டே கேட்டாரு. கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி.

"வீடு அவங்க பேர்ல. சரிங்க. பணம் யாருது?"

"நம்ம பணந்தானுங்க."

"நம்மன்னு ஒரு ஆளு இன்கம் டாக்ஸ்ல இல்லீங்களே. உங்க பணமா, அவங்க பணமா?"

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கலை. அப்புறமு அவரு வெளக்குனாரு, நீங்களும் கேட்டுக்கோங்க, இது முக்கியம். புருசன் தன்ற பணத்துல வாங்கிப் பொண்டாட்டி பேர்ல வெச்சா, பத்திரத்துல யாரு பேரு இருந்தாலும் அந்த வாடகை புருசன் வருமானமாத்தான் சட்டம் பாக்குமாமா. பேரை மாத்துனாப் போதும்னு நெனைக்கறவங்க இவருகிட்ட வாரத்துக்கு நாலு பேரு வர்றாங்களாமா.

"உங்க பணம்னு சொன்னீங்கன்னா, வாடகை உங்க பென்ஷனோட சேரும். விட்டுப் போன வருசத்துக்கும் பாக்கணும். வரி, அதுக்கு வட்டி. அவங்க பணம்னா, அவங்க வருமானம். அவங்களுக்கு வேற எதுவும் இல்லை. வருசத்துக்கு வர்ற வாடகையில கட்டுன சொத்து வரியைக் கழிச்சு, மீதியில பராமரிப்புக்குன்னு முப்பது சதவீதத்தைப் பில்லு கேக்காமச் சட்டமே கழிச்சுக் குடுக்குது. கடன் வாங்கி வாங்கியிருந்தா அந்த வட்டியையும் கழிச்சிருக்கலாம். எல்லாம் போக நிக்கறது வரி போடற அளவுக்கே வராது. பான் நம்பரைத் தாராளமாக் குடுக்கலாம். இத்தனை வருசமும் எதுக்குங்க பயந்தீங்க?"

எதுக்குப் பயந்தேன்னு கேக்கறாரு. பயமா அது? முன்னெச்சரிக்கைங்க.

ஃபேன் சுத்திட்டிருக்குது. சாந்தாமணி செவுத்துல மாட்டியிருந்த மாசக் காலண்டரையே பாத்துட்டிருக்கா. நான் பேசுவேன்னு அவ காத்திருந்தாளோ என்னமோ. நானும் பேசத்தான் நெனைச்சேன்.

அவளே சொன்னா. "எங்கப்பன் காட்டை வித்த பணங்க. காங்கயம் பக்கம். என்ற பாகம்."

"அதுல கொஞ்சம்..."னு நான் ஆரம்பிச்சேன்.

"எவ்வளவு?"ன்னாரு ஆடிட்டரு.

"முழுசுங்க. பத்திரச் செலவும் சேத்து"ன்னா சாந்தாமணி. "பாகம் கேட்டதுக்கு என்ற அண்ணன் இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டு வாசலை மிதிக்கலைங்க. அப்பன் செத்ததுக்குப் போனேன், அப்பவும் பேசலை."

அது வேற கதைங்க, விடுங்க. அண்ணன் தங்கச்சின்னா ஆயிரம் இருக்கும். பணம் அவளுதுன்னாலும் அலைச்சல் பூரா என்னுதில்லீங்களா? புரோக்கர், வில்லங்கம், பத்திர ஆபீஸ்? ஆனா ஆடிட்டர் அலைச்சலைக் கணக்குல எடுக்கறதில்லையாமா. ஃபாரத்துல அதுக்குக் கட்டமே இல்லைன்னுட்டாரு. என்னையப் பாத்து, "நீங்க சொல்லுங்க, சார். யாரு பணம்?"னாரு.

பதினஞ்சு வருசமா நான் வாங்குன வீடு, நான் வாங்குன வீடுன்னு சொல்லிட்டிருந்த வாயிங்க. சட்டுன்னு திரும்பலை. ஆனா நான் கணக்குத் தெரிஞ்சவன். ஒரு பக்கம் வரி, வட்டி. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை. யோசிக்க என்ன இருக்குது?

"ஆமாங்க. முழுசா அவ பணம்"னேன்.

ஒரு வரிதானுங்க. சொல்லி முடிச்சதும் வேர்த்துருச்சு. சாந்தாமணி காலண்டரை விட்டுட்டு என்னையப் பாத்தா. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி நேராப் பாத்ததா ஞாபகம் இல்லை.

ஆடிட்டர் அதோட விட்டாரா? "வாடகை இப்ப எங்க போகுது?"ன்னாரு. "என் கையிலதானுங்க"ன்னேன். "அவங்க வருமானம்னா அவங்க கணக்குக்குப் போகணுமில்லைங்களா? இந்த மாசத்துல இருந்து அவங்க பேங்குக் கணக்குக்கே போடச் சொல்லுங்க. பதினோரு மாச அக்ரிமெண்ட் எல்லாம் பழைய கதை. இப்ப எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல போட்டு, வாடகை அதிகாரிகிட்டப் பதியணும். அட்வான்ஸும் மூணு மாசம்தான் பொதுவான அளவு. பத்து மாசம் வாங்கி வெச்சிருக்கீங்களே?" இப்படி ஒண்ணொண்ணா அவரு சொல்லச் சொல்ல, சாந்தாமணி தலையை ஆட்டிக்கிட்டே இருக்கா. எல்லாமே புரியற மாதிரி.

வெளிய வந்தோம். அவ வண்டியை எடுக்கலை. ஹேண்டில் மேல கையை வெச்சுக்கிட்டு நின்னா.

"பதினஞ்சு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் சொன்னீங்க"ன்னா.

"என்னத்தை?"

"எங்கப்பன் பணம்னு."

"தெரிஞ்ச விசயந்தானே, அதை என்னத்துக்குச் சொல்லிட்டு?"

"உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே. உங்க தங்கச்சி வந்தப்ப, 'அண்ணன் சம்பாதிச்சு வீடா வாங்கித் தள்ளுது'ன்னுச்சு. நீங்க சிரிச்சிட்டு இருந்தீங்க. நான் உள்ள நின்னு காப்பி ஆத்திட்டிருந்தேன்."

இருட்டிக்கிட்டு வந்துச்சு. "போலாமா"ன்னேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. ஆனா அது அந்த ரெண்டு நாளு பேசாம இருந்த மாதிரி இல்லை. அவ வண்டியில ஏதோ முணுமுணுன்னு பாட்டுப் பாடிக்கிட்டே வந்தா.

வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியைக் கேட்டா. குடுத்துட்டேன். கார்டை எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "எளைச்சிருந்திருக்கேன்"ன்னா. நேராக் கேட்டைத் தொறந்துக்கிட்டு ரெஜினா வீட்டுக்குப் போனா. அங்க என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறமு நானே போர்டைக் கழட்டி உள்ள வெச்சேன்.

அதுல இருந்து எல்லாம் ஒழுங்கா நடக்குதுங்க. நான் அவ பேர்ல வெச்சதாலதானே இத்தனையும் தப்பிச்சது? அதை நான் அவகிட்டச் சொல்லியிருக்கேன். வாடகை மாசா மாசம் அவ கணக்குக்கு வருது. பேங்குக்கு அவளே போறா, அவளே வர்றா. அட்வான்ஸ்ல மூணு மாசத்தை வெச்சுக்கிட்டு மீதியை ரெஜினாவுக்குத் திருப்பிக் குடுத்துரலாம்னா. நான் என்ன சொல்றதுக்கு இருக்குது, ஏழு மாச வாடகை என் கையில இருந்து போச்சு. மேல் தொட்டி ஒழுகுதுன்னு மூணு வருசமா ரெஜினா சொல்லிட்டிருந்துச்சு. நானும் பாக்கலாம் பாக்கலாம்னு இருந்தேன். இவ ஒரே வாரத்துல புதுத் தொட்டி வெச்சுட்டா. அதுக்கு நாந்தான் பிளம்பரைக் கூட்டிட்டு வந்து, கூடவே நின்னு வேலை வாங்குனேன். முடிஞ்சதும் பணம் கேட்டேன்.

"பில்லு?"ன்னா.

பராமரிப்புக்கு முப்பது சதவீதம் சும்மாவே கழிச்சுக்கலாம், பில்லே வேண்டாம்னு ஆடிட்டர் சொன்னாரு, நீங்களும் கேட்டீங்களே? சர்க்காருக்கு வேண்டாங்க. சாந்தாமணிக்கு வேணும்.

அக்ரிமெண்ட் போடறதுக்கு மூணு பேரும் போனோம். பத்திரம் எழுதற எடம். கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தர்றவரு ஒருத்தரு, கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, கூட்டத்துல பறந்துட்டிருக்காரு. எந்த வருசம் எவ்வளவு ஏத்தறது, காலி பண்றதுன்னா எத்தனை மாசம் முன்னாடி சொல்றது, எல்லாத்தையும் சாந்தாமணியும் ரெஜினாவும் பேசி முடிச்சே வந்திருந்தாங்க. நான் ஒரு தடவை படிச்சுப் பாத்தேன். ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு. திருத்திக் குடுத்தேன்.

அவரு பிரிண்ட் எடுத்து மேசையில வெச்சு, விரலால தட்டுனாரு. "உரிமையாளர் இங்க கையெழுத்துப் போடுங்க."

நான் பேனாவைத் தொறந்துட்டேன். பழக்கமுங்க. குனிஞ்சும் ஆச்சு. அப்பத்தான் பாத்தேன், அந்த எடத்துல சாந்தாமணின்னு அடிச்சிருக்குது. ரெஜினா சட்டுன்னு வெளிய திரும்பிக்கிச்சு. சாந்தாமணி கையை மட்டும் நீட்டுனா. பேனாவைக் குடுத்தேன். ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி, வண்டி ஓட்டற மாதிரி அவசரப்படாமப் போட்டா. அப்புறமு ரெஜினா போட்டுச்சு.

"சாட்சி?"

"நான் இருக்கேனுங்க"ன்னேன்.

"பேரு?"

"நாச்சிமுத்து."

அவரு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "உரிமையாளருக்கு என்ன வேணும் இவரு?"ன்னு கேட்டாரு.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சாந்தாமணி சொன்னா, "எங்க வீட்டுக்காரருங்க."

அவரு அடிச்சிட்டிருந்ததை நிறுத்திட்டுக் கண்ணாடியை எறக்கி என்னையப் பாத்தாரு. "வீட்டுக்காரரா? அப்ப மேலேல்ல போடணும்? அம்மா எதுக்குப் போட்டாங்க? மறுபடி பிரிண்ட் எடுக்கணுமா?"

ரெஜினாவால அடக்க முடியலை. சிரிச்சிருச்சு. அந்த ரூம்ல காத்திருந்தவங்களும் திரும்பிப் பாக்கறாங்க. சாந்தாமணிக்கும் சிரிப்பு வந்துருச்சு, ஆனா அதை அடக்கிக்கிட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, நல்லா நிமிர்ந்து சொன்னா:

"அது வேற வீட்டுக்காரருங்க. வீடு என்னுது. இவரு கீழ போடுவாரு."

போட்டேனுங்க. நல்லாவே போட்டேன்.